சுண்டக் காய்ச்சின தண்ணியும் சேலத்துச் சங்கமும்

போன செமஸ்டர் நடந்த ஒரு சின்ன அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் குடிதண்ணீரில் ஃபுளூரைடு பற்றியது. தர்மபுரிக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஹாஸ்டலில் இருக்கும் வெளியூர் நண்பர்களுக்காக மட்டும்: நம்ம மாவட்டத்தில் பல இடங்களில் பாறையிலிருந்தே ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணியை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் அதிகமானால் மூட்டும் முதுகும் இறுகிப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-லிருந்து காவிரித் தண்ணி வருகிறது. ஆனாலும் குழாயில் தண்ணி வராத நாளில் ஜனங்க போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள்.

ஃபுளூரைடு பட்டால் வெளுக்கும் ஒரு சாயம் உண்டு. அந்த நிற மாற்றத்தை அளந்து ரீடிங் காட்டும் ஒரு மலிவான கருவி செய்வதுதான் எங்க திட்டம். சாம்பிள் எடுக்க பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு அக்கா கேட்டாங்க: "நாங்கதான் தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுக் குடிக்கிறமே கண்ணு, அப்புறம் என்ன?"

கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணி ஆவியாகப் போகப் போக, மிச்சமிருக்கும் தண்ணியில் அதன் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். இது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "அக்கா, பாயில் பண்ணா கான்சென்ட்ரேஷன் இன்க்ரீஸ் ஆகும்" என்று வந்தது. அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பிளஸ் டூ வரை இங்கிலீஷ் மீடியம், இப்போ நாலாவது வருஷம் இன்ஜினியரிங். சொந்த மாவட்டத்தில், சொந்த பாஷையில், ஒரு வாக்கியம் சொல்ல முடியலை.

அன்னைக்கு நைட் ஹாஸ்டலில் உட்கார்ந்து கான்சென்ட்ரேஷனுக்குத் தமிழ் என்னன்னு தேடினேன். 'செறிவு' என்று வந்தது. அழகான சொல்தான். தமிழ் மீடியத்தில் படிச்ச என் ரூம்மேட் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துட்டான். எனக்குத் தூக்கம் வரலை. இந்தச் சொற்களையெல்லாம் யார் உட்கார்ந்து செய்தார்கள், எப்போ செய்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால் அது நம்ம பக்கத்து ஊரில் போய் நின்றது.

இத்தாக்காவில் சில மாணவர்கள்

சேலத்துக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் தூரமாகப் போய் வரலாம். காரணம் பிறகு புரியும்.

1914-ம் ஆண்டு, கோடைக்காலம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சின்ன ஊர். அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த சீன மாணவர்கள் சிலர் ஒரு சாயங்காலம் கூடிப் பேசினார்கள். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் தொடங்கும் நேரம். நம் நாட்டுக்கு இப்போது எது இல்லை, நம்மால் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதுதான் பேச்சு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சீன மொழியில் ஒரு அறிவியல் பத்திரிகை நடத்துவது.

இவர்கள் பேராசிரியர்கள் இல்லை, நம்மை மாதிரி ஸ்டூடண்ட்ஸ். சாவ் யுவான்ரென் பிறந்தது 1892-ல்; அப்போது அவருக்கு 21 வயது, அதாவது என் வயசு. பின்னாளில் அவர் உலகம் அறிந்த மொழியியல் அறிஞர் ஆனார். ஹு மிங்ஃபு பிறகு ஹார்வர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ரென் ஹாங்ஜுன் வேதியியல் மாணவர், அவர்தான் சங்கத்தின் தலைவர். பணம் ஏது? பங்கு போட்டுச் சேர்த்தார்கள். ஸ்காலர்ஷிப் பணத்தில் மிச்சம் பிடித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். 1915 ஜனவரியில் முதல் இதழ் ஷாங்காயில் அச்சாகி வந்தது. பத்திரிகையின் பெயரே 'அறிவியல்'தான். சமன்பாடுகளைப் போட வசதியாக, மேலிருந்து கீழாக எழுதும் பழைய வழக்கத்தை விட்டு இடமிருந்து வலமாக அச்சிட்டார்கள். அந்தக் காலச் சீனாவில் இது பெரிய துணிச்சல்.

அதே 1915-ல் பத்திரிகைக் குழு முறையான சங்கமாக மாறியது. சீன அறிவியல் சங்கம் என்று பெயர். 1918-ல் அலுவலகம் சீனாவுக்கு நகர்ந்தது. 1922-ல் நான்ஜிங்கில் சொந்தமாக ஒரு உயிரியல் ஆய்வுக்கூடம் வந்தது. போர், ஆக்கிரமிப்பு, ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி, ஏறக்குறைய 45 வருஷம் அந்தச் சங்கம் இயங்கியது.

சேலத்தில் ஒரு வக்கீல்

இத்தாக்கா கூட்டம் நடந்து இரண்டே வருஷம். 1916. இடம் சேலம்.

அப்போ தர்மபுரி என்று தனி மாவட்டம் கிடையாது. தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். 1965 அக்டோபர் 2-ல்தான் நாம் பிரிந்தோம். 2004-ல் நம்மிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதனால் இது நம்ம மாவட்டத்துக் கதை என்று உரிமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தார் ஒருவர். அப்போ வயது 37. மறு வருஷமே சேலம் நகராட்சித் தலைவர் ஆகப்போகிறவர். பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ராஜாஜியேதான். அவரும் வெங்கடசுப்பையர் என்பவரும் சேர்ந்து 1916-ல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பரிபாஷை என்றால் கலைச்சொல். அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் உருவாக்குவது, அவற்றை ஒரு பத்திரிகையில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பது, இதுதான் வேலை.

ராஜாஜி என்றால் நமக்கு அரசியலும் 'சக்கரவர்த்தித் திருமக'னும்தான் நினைவுக்கு வரும். அணுவையும் மூலக்கூறையும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி விளக்கும் 'திண்ணை ரசாயனம்' என்ற புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். 'தமிழில் முடியுமா' என்று ஒரு புத்தகமே போட்டார். அறிவியலைத் தமிழில் எழுத முடியுமா என்பதுதான் கேள்வி. முதலமைச்சரானதும் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கப் போய்ப் பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்தவரும் இதே மனிதர்தான். ஒரே ஆளுக்குள் எத்தனை முகம் பாருங்க.

இந்தச் சேலம் முயற்சியில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ச் சொல் உண்டாக்கும் சங்கத்தின் பத்திரிகை நடந்தது இங்கிலீஷில்! அப்போ புதுச்சேரியில் இருந்த பாரதியார் இந்த முயற்சியை வரவேற்றார், கூடவே இந்த முரண்பாட்டையும் சுட்டிக்காட்டினார். படித்ததும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் எங்க ப்ராஜெக்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தேன். கிராமத்து மக்களுக்கான கருவி, ஆனா முதல் மெசேஜிலிருந்து கடைசி மெசேஜ் வரை இங்கிலீஷ். சிரிப்பு நின்றுபோச்சு.

ஒன்று நீடித்தது, ஒன்று நின்றது ஏன்?

சேலம் சங்கம் நீண்ட நாள் நடக்கவில்லை. ராஜாஜி 1919-ல் சென்னைக்குக் குடிபோனார். காந்தியும் ஒத்துழையாமையும் அவரை முழுசாக இழுத்துக்கொண்டன.

தலைவர் ஊர் மாறியது மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. இத்தாக்கா மாணவர்கள் சொல்லிலிருந்து தொடங்கவில்லை, கட்டுரையிலிருந்து தொடங்கினார்கள். மாதாமாதம் பக்கத்தை நிரப்ப வேண்டும், நிரப்பும்போது சொல் தேவைப்படும், தேவைப்பட்ட இடத்தில் சொல்லைச் செய்தார்கள். செய்த சொல்லைப் படிக்கவும் ஆள் இருந்தார்கள், அடுத்த இதழில் எடுத்து எழுதவும் ஆள் இருந்தார்கள். சேலத்தில் சொல் முதலில் வந்தது. அதைப் போட்டு எழுத அன்றைக்குத் தமிழில் அறிவியல் கல்லூரி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, பாடமும் அதிகம் இல்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பாத்திரம் வாங்கின மாதிரி. பாத்திரத்தில் குறை ஒன்றுமில்லை.

இதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் சேலத்துக்கு அரை நூற்றாண்டு முன்னால். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய். 1847-ல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் இங்கிலீஷில். 1860-களில் தமிழுக்கே மாறிவிட்டார். இங்கிலீஷில் படித்தவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கத் தமிழில் படித்தவர்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. மாணவர்களையே கூட வைத்துக்கொண்டு பாடநூல்களை மொழிபெயர்த்தார். உடற்கூறுக்கு 'அங்காதிபாதம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார்கள். ரணம் என்ற சொல் எல்லார் வீட்டிலும் இருந்ததுதானே! வகுப்பு இருந்தது, நோயாளி இருந்தார், சொல்லுக்கு அன்றாடம் வேலை இருந்தது. அவரிடம் படித்து டாக்டரானவர்கள் அறுபதுக்கும் மேல். அவர் 1873-ல் ஊர் திரும்பினார். கொஞ்ச காலத்தில் தமிழ் வகுப்பும் நின்றது. வகுப்பு நின்றதும் சொற்களும் புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

பிறகு யார் எடுத்தார்கள்?

சேலத்தோடு கதை முடியவில்லை. 1934-ல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. அது கூட்டிய சொல்லாக்க மாநாடு 1936-ல் சென்னையில், ஈழத்து விபுலானந்த அடிகள் தலைமையில் நடந்தது. இரண்டு வருஷத்தில், 1938-ல், சுமார் 10,000 சொற்களோடு 'கலைச்சொற்கள்' நூல் வந்தது. 1940-ல் அரசாங்கம் சீனிவாச சாஸ்திரி தலைமையில் ஒரு குழு போட்டது. சொற்கள் சமஸ்கிருத வழியில் போகின்றன என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள். தாத்தா காலத்தில் 'ரசாயனம்', 'பௌதிகம்' என்று படித்ததை இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் 'வேதியியல்', 'இயற்பியல்' என்று படிப்பது அந்த நீண்ட சண்டையின் விளைவுதான்.

அப்புறம் அவிநாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் 'கலைக்களஞ்சியம்' வெளிவந்தது. நம்ம லைப்ரரியில் தூசி படிந்து கிடந்தாலும் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்க. ஒவ்வொரு துறையிலும் ஆள் தேடிப் பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள். 1980-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1987-ல் அவர்கள் ஆரம்பித்த 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழை உங்களில் சிலர் ஸ்கூலில் பார்த்திருப்பீங்க. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். எழுதுகிறவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள்.

சேலத்து வக்கீல் மாதிரியே.

ஒரு சொல் எப்படிப் பிறக்கும்?

இதில் மூன்று வழி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

முதல் வழி, புதிதாகக் கட்டுவது. 'மின்' என்ற ஒரு வேர் கிடைத்தது: மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்தேக்கி என்று வரிசையாக வந்துவிட்டது. ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் முதல் தடவை கேட்கும்போது வெறும் பெயர். மின்தேக்கி என்றால் மின்சாரத்தைத் தேக்கி வைப்பது என்று பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, அப்படியே எடுத்துக்கொள்வது. ஃபுளூரைடு, ஹைட்ரஜன், பேட்டரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீனர்களுக்கு இது அவ்வளவு எளிதில்லை, ஏன்னா அவர்களிடம் நம்மை மாதிரி ஒலி எழுத்து இல்லை. அதனால் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தனி எழுத்தை வைத்தார்கள், பலவற்றைப் புதிதாகவே உருவாக்கினார்கள். 1870-களில் சூ ஷோ என்பவர் தொடங்கி வைத்தது, 1930-களில் முறைப்படுத்தப்பட்டது. உலோகம் என்றால் எழுத்தின் ஓரத்தில் உலோகக் குறி இருக்கும், வாயு என்றால் வாயுக் குறி. ஃபுளூரினுக்கான எழுத்தைப் பார்த்ததுமே சீனக் குழந்தைக்கு அது வாயு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே ஊரில் இருக்கும் சொல்லைக் கண்டுபிடிப்பது. இதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எந்த அகராதியும் இல்லை.

மறுபடியும் அந்த ஊருக்கு

மூன்று வாரம் கழித்து ரிசல்ட்டோடு போனோம். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். "அக்கா, தண்ணிய கொதிக்க வெச்சா ஃபுளூரைடோட செறிவு அதிகமாகும்" என்று பெருமையாகச் சொன்னேன். அதே சிரிப்பு. தமிழிலும் புரியலை!

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா நிமிர்ந்து பார்த்தாங்க. "ஏன் கண்ணு, கொழம்பு சுண்டிப் போனா உப்புக் கரிக்கும்ல? தண்ணிதானே போவுது, உப்பு எங்க போவும்? அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான், ஆயா. அப்படியே அதேதான்.

சுண்டுதல். கரைசலில் தண்ணி மட்டும் ஆவியாகி, கரைந்தது அப்படியே தங்கிவிடுவது. எங்க கெமிஸ்ட்ரி லேபில் அரைப் பக்கம் எழுதின விஷயம் ஒரே வினைச்சொல்லில் ஆயாவின் அடுப்படியில் இருந்திருக்கிறது. 'செறிவு' வீணில்லை, ரிப்போர்ட்டில் அளவு எழுத அது வேண்டும். ஆனா அந்தத் திண்ணையில் முதலில் 'சுண்டுதல்' வேண்டியிருந்தது.

ஆயா அதோடு விடலை. "அப்போ இத்தன வருசமா காய்ச்சிக் குடிச்சது?" என்று கேட்டாங்க. அவங்க எழுந்தபோது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாங்க. வயசானதாலா, தண்ணியாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கொஞ்ச நேரம் கொதிக்க வைப்பதால் பெரிசாக ஏறிவிடாது, ஆனால் குறையவும் குறையாது. கிருமிக்காகக் காய்ச்சுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணியையே எடுங்க, இந்த போர்வெல் துவைக்கவும் மாட்டுத் தொட்டி கழுவவும் மட்டும் போதும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆச்சு. முதல் தடவையே சொல்லியிருந்தால் மூன்று வாரம் முன்னாலேயே தெரிந்திருக்கும். இந்த விஷயம் அறிவியலுக்குத் தெரிந்து எத்தனையோ பத்தாண்டு ஆச்சு. அந்தத் தெருவுக்கு வந்து சேராமல் இருந்தது, அவ்வளவுதான்.

எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுபது பக்கம், முழுக்க இங்கிலீஷ். விதிமுறை அப்படி. அதோடு எழுபத்தொன்றாவதாக ஒரு பக்கம் தமிழில் எழுதினோம். அதை எழுதத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. நாலு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் ரூம்மேட்டின் அம்மாவுக்கு போனில் படித்துக் காட்டி, புரியலை என்று சொன்ன இடத்தையெல்லாம் மாற்றினோம். அதைப் பிரிண்ட் எடுத்து அந்த ஊர் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வைவாவில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரலை. பரவாயில்லை.

ஜூனியர்ஸுக்கு ஒரு யோசனை. சங்கம் எல்லாம் வேண்டாம். உங்க ப்ராஜெக்ட் யாருக்காகவோ அவர் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. எழுதும்போது சொல் கிடைக்காமல் முட்டி நிற்கும் இடம் ஒன்று வரும். அகராதியைப் பாருங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி ஒருமுறை வீட்டுக்கு போன் பண்ணி ஆயாகிட்ட கேட்டுடுங்க.